காசிக்குப் போன கூட்டமும் கடையில் தங்கிய பையும்

டிராவல்ஸ் கடை என்பது, ஊரில் உள்ளவர்களை எல்லாம் எங்கெங்கோ அனுப்பிவிட்டு, அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா என்று நாம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் தொழில். அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவள். கமிஷன், சர்வீஸ் சார்ஜ் என்று எதையாவது மாற்றிச் சொல்லி, படிக்கிறவர்கள் இது மொத்தமும் பித்தலாட்டம் என்று முடிவு கட்டிவிட்டால் என்ன செய்வது? எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ சரியா சொன்னாலும் தப்பா சொன்ன மாதிரிதான் முழிச்சிக்கினு நிப்ப. எழுத்துல முழி தெரியாது, எழுது" என்றார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் தப்புகளை மன்னித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் கடை சின்ன காஞ்சிபுரத்தில், சந்நிதித் தெரு திரும்புகிற இடத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு பீரோ. வெளியே ஒரு வேன். வேனை அவர் ஓட்டுகிறார், டிக்கெட்டை நான் போடுகிறேன். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடை இளைத்துக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில்தான் ராகவன் சார் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தன் மனைவி கோதை மாமியையும் தெருக்காரர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு காசிக்குப் போக வேண்டும் என்று வந்தார். இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் அந்தத் தெரு முழுக்க எங்களிடம் வரும். சொதப்பினால் கடையை மூடிவிட்டு, எங்க வீட்டுக்காரர் மறுபடியும் காலேஜ் பஸ் ஓட்டப் போவது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தோம். இனி எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

கணக்கு வாத்தியார் கேட்ட கேள்வி

ராகவன் சார் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எல்லாம் சரி, இதுல உனக்கு என்ன?" இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வயசைக் கேட்டால்கூடச் சொல்லிவிடலாம், இதைக் கேட்டால் நாக்கு புரளாது. ஆனாலும் கணக்கு வாத்தியாரிடம் மழுப்பினால் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்ததால், உள்ளதை உள்ளபடி சொன்னேன். விமானக் கம்பெனிக்காரர்கள் முன்னெல்லாம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கமிஷன் கொடுத்தார்களாம். இப்போது அது அநேகமாக இல்லை. அதனால் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சர்வீஸ் சார்ஜ் நாங்கள் வாங்குகிறோம். பஸ்காரர்கள் சீட்டுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். தங்கும் இடத்தில் ரூம் வாடகையிலிருந்து எங்களுக்கு ஒரு பங்கு வரும். பயண இன்ஷூரன்ஸ் எடுத்தால் அதிலும் சில்லறை வரும். மொத்தமாக ஒரு கூட்டத்தை அழைத்துப் போனால் வேன் வாடகையில் மிச்சம் நிற்கும்.

சொல்லி முடித்ததும், ஏதோ திருடிய பொருளை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்த மாதிரி இருந்தது. "அந்த லாட்ஜ் பங்கு வேணாம்னா விட்டுடறேன் சார்" என்று நானாகவே ஆரம்பித்துவிட்டேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வசந்தா, இத்தனை நாழி நான் ஒருத்தனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருந்தா, அதுக்கே ட்யூஷன் ஃபீஸ் வாங்கிண்டிருப்பேன். நீ உன் கூலியைச் சொல்றதுக்கு ஏம்மா அழறே?"

விசாரித்தவர்

காசிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த அதே வாரம் ஓரிக்கையிலிருந்து ஒருவர் வந்தார். ராமேஸ்வரத்துக்கு எந்த ரயில், எந்தப் பக்கம் சீட்டு, எங்கே இறங்கினால் கோவில் கிட்டே, எந்த லாட்ஜில் தண்ணீர் உப்புக் கரிக்காது என்று ஒன்று விடாமல் கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். டீ கூட வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனவர், மறுநாள் பிள்ளையார் கோவில் வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "நீங்க அவ்வளவு நல்லா வெளக்கமா சொன்னீங்கம்மா. அதான் தைரியமா நானே போன்லயே போட்டுட்டேன்!"

புடவைகள் பறந்த கதை

பட்டுக்கடை வைத்திருக்கும் தெலுங்குக்காரர் ஒருவரின் மகன் பிரசாத். நல்ல பையன், ஆனால் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் போனை ஆட்டிக் காட்டுவான். "அக்கா, உங்கள விட இதுல கம்மி!" டில்லியில் ஒரு வியாபாரிக்குப் புடவை மாதிரிகள் காட்டப் போக, அப்படித்தான் தானே டிக்கெட் போட்டுக்கொண்டான். விலை உண்மையிலேயே குறைவுதான். நானே அசந்துவிட்டேன். "கூட லக்கேஜ் எவ்ளோ விடுவாங்கன்னு பாத்தியாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கும்க்கா, ப்ளைட்டுன்னா லக்கேஜ் இல்லாமலா?" என்று போய்விட்டான். அவன் வாங்கியது கையில் ஒரு பையோடு ஏறுகிறவர்களுக்கான டிக்கெட். அவன் கொண்டு போனதோ ஜரிகை கனத்த கல்யாணப் புடவைகள் ஒரு பெரிய கட்டு.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, அன்று முழுக்க அந்தக் கட்டை எடை மேடையில் வைத்தார்களா, கூடுதல் எடைக்குக் கட்டப் பையன் கையில் பணம் இருந்ததா என்று கவலைதான். திரும்பி வந்தவன் போனை ஆட்டவில்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நான் கம்மியிலதான் போனேன்க்கா. புடவைங்கதான் என்ன விட காஸ்ட்லியா போச்சுங்க. அடுத்த வாட்டி எங்க எல்லாத்துக்கும் சேத்து நீங்களே போட்டுடுங்க."

லாட்ஜ்காரரின் சந்தேகம்

காசியில் தங்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கே லாட்ஜ் நடத்தும் ஒருவர் போன் செய்தார். தமிழ் பேசினார். மற்றவர்கள் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு பங்கு கொடுப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது ஆசை அல்ல, சந்தேகம். ஏன் இரண்டு மடங்கு? கோதை மாமிக்கு முழங்கால் வலி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். லிப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "மெதுவா ஏறிடலாம்மா" என்றார். அப்படியென்றால் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட்? "ஒரு ரூம்ல இருக்குது." சமையலில் வெங்காயம் பூண்டு இல்லாமல் கிடைக்குமா? "சொன்னா எடுத்துடுவாங்க." போட்டதை எடுத்துவிட்டுக் கொடுப்பார்களா, போடாமல் செய்வார்களா? படித்துறைக்குப் போகிற சந்தில் மழைத் தண்ணீர் நிற்குமா? வெந்நீர் காலையில் வருமா, எல்லாரும் குளித்து முடித்த பிறகு வருமா?

கடைசியில் பங்கு குறைவாகக் கொடுக்கிற, ஆனால் கீழ்த்தளத்தில் ரூம் கொடுக்கிற இடத்தையே பிடித்தேன். பங்கைப் பார்த்து ரூம் போட்டால் ஒரு முறை சம்பாதிக்கலாம்; மாமியின் முழங்காலைப் பார்த்துப் போட்டால் மாமி இன்னும் பத்துப் பேரிடம் சொல்வார் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே சூட்சுமம். அந்த லாட்ஜ்காரருக்குத்தான் ஆறவில்லை. "ஏம்மா, வர்றது அவங்களா நீங்களா? நீங்களே வந்து குடும்பம் நடத்தப்போற மாதிரி கேக்கறீங்களே!"

மூன்று முறை வந்த கணவர்

ஏனாத்தூர் ஸ்டெல்லா தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கணவர் வளைகுடா நாட்டில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கு லீவு கிடைத்துவிட்டது என்று ஓடி வந்தாள், உடனே டிக்கெட் போடச் சொல்லி. எனக்குக் கம்பெனி லீவு மேல் எப்போதும் நம்பிக்கை கிடையாது. தேதி மாற்ற முடியாத டிக்கெட்தான் விலை குறைவு. ஆனால் லீவு தள்ளிப்போனால் மொத்தப் பணமும் போய்விடும். "கொஞ்சம் கூட ஆனாலும் மாத்தற மாதிரி டிக்கெட்டா போடலாம்மா" என்றேன். முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு அதில் ஏதோ கூடுதலாகக் கிடைக்கிறது என்று நினைத்திருப்பாள். எனக்குக் கிடைப்பது எந்த டிக்கெட்டானாலும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சரி என்று அரை மனதோடு போனாள்.

லீவு தள்ளிப்போனது. மாற்றினேன். மறுபடியும் தள்ளிப்போனது. மறுபடியும் மாற்றினேன். மூன்றாவது தடவை அவள் கடைக்கு வந்தபோது கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் இருந்தது. "அவரு ஒவ்வொரு வாட்டியும் வரேன் வரேன்னாரு. கட்டின பொண்டாட்டி நானே நம்பிட்டேன். நீங்க ஒருத்தங்கதான்க்கா அவர சரியா புரிஞ்சி வெச்சிருக்கீங்க!"

செவ்வாய்க்கிழமையின் சிக்கல்

காசிக்குச் செவ்வாய்க்கிழமை டிக்கெட் போட்டிருந்தேன். அன்றைக்குத்தான் விலை குறைவு. போட்ட பிறகுதான் கோதை மாமி காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினார். செவ்வாயன்று வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. காசி வடக்கே இருக்கிறது. "ஏர்போர்ட் கெழக்கதானே மாமி இருக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். "நாங்க ஏர்போர்ட்டுக்காம்மா யாத்திரை போறோம்?" என்று கேட்டார். தேதி மாற்றினால் எல்லாருக்கும் நஷ்டம். மாற்றாவிட்டால் வழியில் கால் இடறினால்கூட என் கடைதான் காரணம்.

வழி சொன்னவர் ராகவன் சார். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். அதாவது முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை வீட்டைவிட்டு வெளியே எடுத்து, வேறொருவர் இடத்தில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. முன்பெல்லாம் எதிர்வீட்டில் வைப்பார்களாம். இப்போது எதிர்வீட்டுக்காரர் அமெரிக்காவில், அடுத்த வீட்டுக்காரர் சென்னையில். திறந்திருப்பது என் கடை ஒன்றுதான். ஆக, திங்கட்கிழமை நல்ல நேரத்தில் மாமி ஒரு மெரூன் நிறத் துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுலதான் எங்க ரெண்டு பேர் அடையாள அட்டையும், அவரோட மாத்திரையும் இருக்கு. பத்திரம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாமி வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு மற்ற எல்லாரும் ஆளுக்கொரு பையோடு வந்துவிட்டார்கள். சுவரோரமாக வரிசையாக அடுக்கினேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. டீசல் போட்டுவிட்டு வந்த எங்க வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாம்மா இது, ஆளுங்களுக்கு முன்னாடியே பைங்க எல்லாம் டூர் வந்துட்டுக்குதா?"

கற்பூரம் எடுக்கப் போனபோது

செவ்வாயன்று எல்லாரையும் ரொம்ப முன்னதாகவே கிளப்பினேன். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். வழியில் டயர் பஞ்சர் ஆகலாம், மழை வரலாம், மந்திரி வரலாம் என்று என் கவலைகளைச் சொன்னதும் வேனில் ஏறிவிட்டார்கள். சுவரோரம் இருந்த பைகளை எங்க வீட்டுக்காரர் மேலே ஏற்றிக் கட்டினார். நான் ஜன்னல் ஜன்னலாகப் போய், "அடையாள அட்டை இருக்கா? அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும், "பையில இருக்கு" என்றார்கள். கோதை மாமியும் அதையேதான் சொன்னார். எனக்கு ஒரே திருப்தி.

வேன் போன பிறகு, பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றலாம் என்று பீரோவைத் திறந்தேன். உள்ளே மெரூன் நிறப் பை உட்கார்ந்திருந்தது. 'பத்திரம்' என்று மாமி சொன்னதால், மற்றப் பைகளோடு வைக்க மனசு வராமல் அதை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான்தான். அட்டை இல்லாமல் ஏர்போர்ட்டுக்குள் விடமாட்டார்கள். இப்போதெல்லாம் போனிலேயே அட்டையைக் காட்டலாம். ஆனால் சாரிடம் இருப்பது பட்டன் போன். எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வேன் நெடுஞ்சாலை ஏறி வெகு தூரம் போய்விட்டிருந்தது. "வண்டிய திருப்பிக்கினு வரட்டா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பின்னால் வேன் மொத்தமும் ஒரே குரலில், "திரும்பப்படாது! திரும்பப்படாது!" என்று கத்தியதும் கேட்டது. யாத்திரை கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்ப மாட்டார்களாம்.

அப்போதுதான் ஸ்டெல்லா ஞாபகம் வந்தது. அவள் கணவர் ஒருவழியாக அன்றைக்குத்தான் வந்து இறங்குகிறார். அழைத்து வர ஏர்போர்ட்டுக்கு நான்தான் கார் சொல்லியிருந்தேன். போன் செய்து, சீக்கிரம் கிளம்ப முடியுமா என்று கேட்டேன். "அவரு இன்னும் அங்க ப்ளைட்டே ஏறலக்கா, நான் பூ வெச்சிக்கினு ரெடியா குந்திக்கினு இருக்கறேன்" என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏனாத்தூருக்குப் பறந்தேன். வாசலிலேயே கார் நின்றிருந்தது. விஷயத்தைப் பாதிதான் சொன்னேன். அதற்குள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க அழாதீங்கக்கா, கொயந்த மாதிரி எடுத்துக்கினு போறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

எனக்குக் கடைக்குத் திரும்பக் கால் வரவில்லை. அங்கேயே பஸ் ஸ்டாப்பில், காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் எல்லாரும் காலேஜ் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். இனி அந்த பஸ்ஸை ஓட்டப் போவது யார் என்று வாய்விட்டே புலம்பிவிட்டேன். ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ரொம்ப நேரம் கழித்துப் போன் அடித்தது. ஸ்டெல்லா. "அக்கா, அண்ணன் வேன இங்க நிறுத்த வுடாம வெரட்டிட்டாங்களாம். இங்க நாமம் போட்டவங்க ஒரு கூட்டமே இருக்குதுக்கா, இதுல உங்க சாரு யாரு?" எனக்கு வேறு அடையாளம் எதுவும் தோன்றவில்லை. "யாரு எல்லாரையும் எண்ணிக்கினே இருக்காரோ அவருதாம்மா!" என்றேன். "ஆங், எண்றாரு, எண்றாரு!" என்று அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் கொஞ்ச நேரம் போனில் ஒரே இரைச்சல். யார் யாரோ பேசினார்கள். நான் அந்தப் பஸ் ஸ்டாப்பில் எல்லா சாமியையும் கூப்பிட்டுவிட்டேன், ஸ்டெல்லாவின் சாமி உட்பட. கடைசியில் கோதை மாமியின் குரல் வந்தது. திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மாமிக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "ஏம்மா வசந்தா, நாங்க அத்தனை பேரும் வேன்ல இடிச்சுண்டு வந்து சேர்ந்திருக்கோம். என் பை மட்டும் தனியா ஏசி கார்ல, பூ வெச்சுண்ட ஒரு பொண்ணு மடியில உக்காண்டு வரதே! நல்ல நேரத்துல பொறப்பட்டது அது ஒண்ணுதான் போலிருக்கு!"

போனை வைத்ததும் நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்த பெண் பயந்து போய்த் தள்ளி உட்கார்ந்தாள். அவர்கள் காசிக்குப் போய், கங்கையில் குளித்து, கயாவுக்கும் போய்விட்டு, ஒருவருக்கும் ஒரு தலைவலி கூட இல்லாமல் திரும்பி வந்தார்கள். கீழ்த்தள ரூமைப் பற்றி மாமி தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தத் தெருவிலிருந்து அயோத்திக்கு ஒரு கூட்டம், பத்ரிக்கு ஒரு கூட்டம் பேர் கொடுத்திருக்கிறது. கடை நிற்கிறது. எங்க வீட்டுக்காரர் எங்கள் வேனையேதான் ஓட்டுகிறார்.

நானும் பாடம் படித்துவிட்டேன்: இனி பரஸ்தானத்துக்கு யார் பை கொண்டுவந்தாலும் கடைக்குள் வாங்குவதில்லை, வேனையே வாசலில் நிறுத்தி அவரவர் கையாலேயே அதில் ஏற்றச் சொல்லிவிட்டு, வேன் சாவியைத் தாலிச் சரட்டில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன், தூங்குகிறேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.